எவ்வளவு என்று கேட்ட நர்ஸம்மா

அவர் அதிகம் சொன்ன வார்த்தை "எவ்ளோ?" என்பதுதான்.

புதன்கிழமை தடுப்பூசி நாளில், "சிஸ்டர், குழந்த சரியாவே சாப்ட மாட்டேங்குது" என்று ஒரு தாய் ஆரம்பித்தால், "எவ்ளோ சாப்டுது?" என்பார். "ராத்திரியெல்லாம் ஒரே அழுகை" என்றால், "எத்தினி மணிலருந்து எத்தினி மணி வரைக்கும்?" என்பார். கோபமாகக் கேட்க மாட்டார். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் முன் கேட்பாரே, அந்த மாதிரிதான் கேட்பார். ஆனால் கேள்வி வந்ததும் நம் கவலை பாதியில் நின்றுவிடும். அதுவரை மலை போல இருந்தது, யோசித்துப் பார்த்தால் அரை மணி நேர அழுகையாக இருக்கும். சில சமயம் யோசித்துப் பார்த்தால் நாம் சொன்னதைவிட அதிகமாகவும் இருக்கும். இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு எழுதிக்கொள்வார்.

செஞ்சியில் அவரைப் பாதிப் பேர் நர்ஸம்மா என்பார்கள், பாதிப் பேர் சிஸ்டர் என்பார்கள். நான் அவரை முதலில் பார்த்தது ஊசி போடும் இடத்தில் இல்லை, ரேஸில்.

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான இரண்டாம் மாதம், சமையலறையில் உட்கார்ந்து என் காய்கறிக் கத்தியால் பென்சில் முனையைச் சுரண்டிப் பொடியாக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அச்சுல போடறதுக்கு. வழவழன்னு ஓடும்" என்றார். அப்போதுதான் தெரியும், இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் கூடி மரக்கார் ஓட்டுகிறார்கள் என்று. ஊரில் அதற்கு 'பொம்மைக்கார் ரேஸ்' என்று பெயர். அவர்கள் முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது.

இன்ஜின் கிடையாது, பேட்டரி கிடையாது, சாவி கொடுப்பதும் கிடையாது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. சைக்கிள் கம்பியை வெட்டி அச்சு. லேத் பட்டறையில் கடைந்த நைலான் சக்கரம் நான்கு. வேர்க்கடலை மூட்டை அடுக்கும் குடோன் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அங்கே முப்பதடி நீளத்துக்குப் பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். ஆள் மார்பு உயரத்தில் ஆரம்பித்துத் தரையில் வந்து முடியும். மேலே இரண்டு வண்டிகளைத் தடுப்புக் கட்டைக்குப் பின்னால் வைப்பார்கள். கட்டையை இறக்கினால் இரண்டும் தம் எடையிலேயே ஓடி வரும். தள்ளக் கூடாது, ஊதக் கூடாது. கீழே எது முதலில் கோட்டைத் தொட்டது என்பதை செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். மூன்று நான்கு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக ஒரு வாரம் முழுக்க உப்புத்தாளால் தேய்ப்பார்கள்.

வண்டியின் எடை நூற்றைம்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் வெளியே. ஆனால் நூற்றைம்பதைத் தொடாமல் நூற்று நாற்பத்தெட்டில் நின்றாலும் ஜெயிப்பது கஷ்டம். அதனால் எல்லோரும் மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டை வெட்டி, வண்டியின் அடியில் ஒட்டி, கழற்றி, மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எடை பார்ப்பது நர்ஸம்மா. தராசும் அவருடையதுதான், செல்போன் அளவில் சின்னதாக, கிராம் காட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் அவர். அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.

அவர் எப்படி அங்கே வந்தார் என்பதை லேத் பட்டறைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கையில் இரும்புத் துகள் ஏறி ஊசி போடப் போனாராம். சட்டைப் பையில் ஒரு சக்கரம் இருந்திருக்கிறது. ஊசி போட்ட கையோடு நர்ஸம்மா அந்தச் சக்கரத்தை வாங்கி, ஒரு கம்பியில் மாட்டிச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பின்னால் வரிசை நிற்கிறது. "இது ஏன் எப்பவும் ஒரே எடத்துல நிக்குது? ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி. எவ்ளோன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாராம். "நானு கைய காட்டிக்கினு நிக்கறேன், அவங்க சக்கரத்த பாக்கறாங்க" என்பார் லேத்காரர்.

மற்றவர்கள் வண்டிக்கு வண்ணம் பூசுவார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை வரைந்திருந்தார். நர்ஸம்மாவின் வண்டிக்கு வண்ணமே கிடையாது. அடியில் பால்பாயின்ட் பேனாவால் அன்றைய தேதியும் எடையும் மட்டும் எழுதியிருக்கும். மழை பெய்தால் மரம் ஈரத்தை இழுத்து ஒரு கிராம் ஏறிவிடும், அதனால் ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதுவார். ஒருமுறை, ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வண்டிக்கு முன்னால் குட்டி எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா பழத்தோடு சேர்த்துத் தராசில் வைத்தார்.

"இன்னா சிஸ்டர், சாமிக்குக் கட்டினது."

"சாமியையும் சேத்துத்தான் நூத்தம்பது."

கண்டக்டர் பழத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது. லேத்காரரின் தகப்பனார் இறந்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அழுதுகொண்டிருந்த மனிதரிடம் போய், "வீட்ல இன்னிக்கு சாப்பிட எத்தினி பேரு?" என்று கேட்டார். இது என்ன பெண் என்று தோன்றியது. ஒரு மணி நேரத்தில் சரியாக முப்பத்திரண்டு பேருக்கு இட்லியும் சாம்பாரும் வந்து இறங்கின. அப்படியும் எனக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் நின்றுவிட்டுக் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்புறம், சும்மா நின்ற நான் என்ன செய்தேன் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

என் மகள் பிறந்த பிறகு அவரை மாதம் ஒருமுறை புதன்கிழமையும் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒன்பது மாதம் வரை எல்லாம் சரியாக இருந்தது. பத்தாம் மாதம் எடை ஏழு கிலோ இருநூறு. பதினோராம் மாதம் ஏழு இருநூற்று இருபது. எடை அட்டையில் பச்சைப் பகுதியில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அது அப்படியே போனால் மஞ்சளில் இறங்கும். நர்ஸம்மா, "அடுத்த மாசமும் ஏறலன்னா டாக்டர்கிட்ட எழுதித் தருவேன்" என்றார். என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு, எத்தனை தடவை என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் சொன்ன பதில்கள் எனக்கே குறைவாகப் பட்டன.

என் மாமியார் அப்போது சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து காலைக் கழுவியதும் முதல் வேலை குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதுதான். "இன்னாம்மா இது, பஞ்சாட்டம் இருக்குது" என்பார். இதில் குற்றம் சாட்டுவது எவ்வளவு, கவலை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன். தொக்கம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் தொண்டையில் சோறு சிக்கியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சாப்பிடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். "படிச்சவ சொல்லிட்டா" என்று எழுந்து போய்விட்டார். நான் பி.எஸ்.சி. வேதியியல். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான்கு தசம இலக்கம் வரை எடை பார்த்தவள். என் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று மட்டும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் மாதம் நர்ஸம்மா பயிற்சிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வேறொரு பெண் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வழக்கமாக எடை போடுமுன் குழந்தையின் உடம்பில் உள்ள வெள்ளி நகையையெல்லாம் கழற்றிவிடுவேன். நகையோடு எடை போட நர்ஸம்மா விட மாட்டார். அன்று காலை கழற்றவில்லை. கழற்றாதது மட்டுமில்லை. முடி இறக்கியபோது வந்த இன்னொரு கனமான அரைஞாணையும் எடுத்துக் கட்டினேன். மேலே கவுன், காலில் கொலுசை மறைக்க நீளமான சாக்ஸ். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். நான் துணி மடித்து முடிப்பதற்குள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டார்.

ஏழு கிலோ ஐந்நூற்று எண்பது என்று அட்டையில் ஏறியது. என் மாமியார் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். தொக்கம் பேச்சு நின்றது. டாக்டர் பேச்சும் நின்றது. நான்தான் நிற்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையான எடை என்ன என்று இப்போது எனக்கும் தெரியாது.

அடுத்த மாதம் நர்ஸம்மா திரும்பி வந்துவிட்டார். புதன்கிழமை எடை போட வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு ரேஸ் நடந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன்.

நான் போனபோது அவர் மூன்றாம் சுற்றில் நர்ஸம்மாவிடம் தோற்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். இறுதிச் சுற்று நர்ஸம்மாவுக்கும் லேத்காரருக்கும். பரிசு எவர்சில்வர் தூக்குவாளி. காலையில் ஒருமுறை எடை போட்டால் அதோடு சரி, நடுவில் யாரும் போடுவதில்லை. ஆனால் நர்ஸம்மா சரிவில் வைப்பதற்கு முன் தன் வண்டியைத் தராசில் வைத்தார்.

நூற்றைம்பத்தொன்று.

"விடு சிஸ்டர், ஒரு கிராமு. தூசி ஒட்டினிருக்கும்" என்றார் லேத்காரர்.

"தூசி எவ்ளோ இருக்கும்?" துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நூற்றைம்பத்தொன்றுதான். யோசித்தார். "ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சி பின் சக்கரம் ஆடுச்சின்னு பசை வச்சேன். அதான். ரெண்டாவது வரைக்கும் சரி. மூணாவது தப்பு. அத மட்டும் மாத்துங்க."

"அப்டின்னா?"

"மூணாவதுல இவருதான் ஜெயிச்சாரு." என் வீட்டுக்காரரைக் காட்டினார். "ஃபைனல் இவருக்கும் உங்களுக்கும்."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த மாதிரி ஜெயிப்பு எனக்கு வேணாம் சிஸ்டர். நீங்க குடுத்து நான் வாங்கறதா?"

"நான் எங்க தம்பி குடுக்கறேன்? அது உங்களுதுதான். எங்கிட்ட தப்பா வந்துட்ச்சி."

"ஊருக்கே ஒரு கிராம் பாக்கற பொம்பள" என்று கண்டக்டர் முணுமுணுத்தார். நர்ஸம்மாவுக்குக் கேட்டிருக்கும். வண்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, தயிர்சாத டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். வெட்கப்பட்ட மாதிரியும் இல்லை, பெருமைப்பட்ட மாதிரியும் இல்லை. இறுதிச் சுற்றில் என் வீட்டுக்காரர் ஒரு சாண் வித்தியாசத்தில் தோற்றார்.

கிளம்பும்போது நர்ஸம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டு, "புதன்கிழம வா" என்றார். குழந்தையிடம்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை வெள்ளியை இரண்டு தடவை கழற்றி, இரண்டு தடவை மாட்டினேன். கழற்றினால் எடை குறைந்து காட்டும். கழற்றாவிட்டால் பிடிபடுவேன். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டியபடியே கூட்டிப்போனேன். மல்லாட்டை வேலை அன்றும் இல்லாததால் மாமியாரும் பை எடுத்துக்கொண்டு கூட வந்துவிட்டார்.

நர்ஸம்மா குழந்தையைக் கையில் வாங்கினார். வாங்கியதும் ஒரு நொடி நின்றார். கவுனைத் தூக்கிப் பார்த்தார். அரைஞாண் இரண்டையும் அவிழ்த்து, சாக்ஸை உருவி, கொலுசையும் காப்பையும் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு குழந்தையை எடைத் தட்டில் உட்கார வைத்தார். நான் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையை எடுத்துவிட்டார்.

ஏழு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு.

அட்டையைப் பார்த்தார். போன மாதம் ஏழு ஐந்நூற்று எண்பது. அவர் முகம் மாறி நான் பார்த்தது அன்று மட்டும்தான். "ஒரே மாசத்துல நூத்தித்தொண்ணூறு கிராம் எறங்கிருக்குது. வாந்தியா? பேதியா? ஜுரமா?"

"ஒண்ணும் இல்லியே" என்றார் மாமியார்.

"ஒண்ணும் இல்லாம எறங்கினாதான் பயம். இன்னிக்கே சேக்கணும். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்." போனை எடுத்துவிட்டார். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது.

"போன மாசம் எழுதினது தப்பு சிஸ்டர். வெள்ளியோட எட போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

பின்னால் வரிசையில் நின்ற தாய்மார்களுக்கும் கேட்டிருக்கும். மாமியாரை நான் பார்க்கவில்லை. படித்த பெண் இப்படிச் செய்யலாமா, குழந்தையின் உயிரோடு விளையாடலாமா என்று நர்ஸம்மா கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் போனை வைத்தார்.

"எவ்ளோ?"

"தெரியல."

"எதெது போட்டிருந்தீங்க? இதே தானா?"

"இதே தான்."

கைப்பையிலிருந்து ரேஸ் தராசை எடுத்தார். அரைஞாண் இரண்டு, கொலுசு, காப்பு, ஒவ்வொன்றாக வைத்து எழுதினார். நூற்று அறுபத்து நான்கு கிராம். ஐந்நூற்று எண்பதில் அதைக் கழித்தார். "நானூத்திப் பதினாறு. இன்னிக்கு முந்நூத்தித் தொண்ணூறு. அப்பவும் இருவத்தாறு கிராம் கொறையுது." பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

அப்போது பெஞ்சிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா, எங்கணக்கையும் கழிச்சிடு."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"போன மாசம் இவ துணி மடிச்சிக்கினு இருந்தா, கொழந்தய நான்தான் முன்னாடி தூக்கியாந்தேன். வர வழியில பஸ் ஸ்டாண்டாண்ட ஒக்காந்து அர டம்ளர் கஞ்சித் தண்ணி ஊத்தினேன். நெறஞ்சிருந்தா கூடக் காட்டும்னு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஊத்தல. இன்னிக்கு நீ இருப்பன்னு தெரியும்."

"எந்த டம்ளர்?"

மாமியார் பையிலிருந்து அந்த எவர்சில்வர் டம்ளரையே எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மா காலி டம்ளரைத் தராசில் வைத்தார். பிறகு குடத்துத் தண்ணீரை ஊற்றி, "இவ்ளோவா?" என்றார். "இன்னும் கொஞ்சம். ஆங், போதும்." தண்ணீர் மட்டும் எண்பத்தாறு கிராம்.

நானூற்றுப் பதினாறில் அதையும் கழித்தால் போன மாத எடை ஏழு முந்நூற்று முப்பது. அதற்கு முந்தின மாதம் ஏழு இருநூற்று இருபது. அதாவது நான் எதையும் கட்டாமல், மாமியார் எதையும் ஊற்றாமல் இருந்திருந்தால்கூட அந்த மாதம் எடை நூற்றுப் பத்து கிராம் ஏறித்தான் இருக்கும். இந்த மாதம் இன்னும் அறுபது ஏறியிருக்கிறது. அவ்வளவு தண்ணீரும் அப்படியே வயிற்றில் இருந்ததா, துல்லியம் எவ்வளவு என்றெல்லாம் வேதியியல் படித்தவளாக நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தட்டில் உட்கார்ந்து சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுடைய எடை எனக்குத் தெரிந்தது.

நர்ஸம்மா அட்டையில் பழைய எண்ணை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எறங்கல. ஆனா அறுவது கிராம் போதாது. டாக்டரப் பாத்து ரத்தம் டெஸ்ட் பண்ணணும், எழுதித் தரேன். ஆம்புலன்ஸ் வேணாம், பஸ்லயே போங்க." அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தது, சிரப் கொடுத்தார்கள், கோடு மெல்ல நிமிர்ந்தது. அவள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அடுத்த வருடமே நர்ஸம்மாவுக்கு மாற்றலாகிவிட்டது. ரேஸில் இப்போது எடை பார்ப்பது லேத்காரர். அவர் பார்த்தால் எல்லா வண்டியும் நூற்றைம்பதுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அன்று டாக்டரைப் பார்க்கப் போன திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் மாமியார், அவர் மடியில் குழந்தை, பக்கத்தில் நான். வெள்ளியெல்லாம் டம்ளருக்குள் கிடந்து பையில் குலுங்கியது. பஸ் ஊரைத் தாண்டும் வரை அவர் குழந்தைக்கு ஜன்னல் வழியே ஆடு மாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"இந்தா பாரும்மா" என்றார். "இனிமே பொய் சொல்றதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லு. ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா சொன்னா, கூடிப் போயிடுது."